கணக்கில் மரம் வளர்த்தவர்



ஓவிய நோட்டில் மரம் வரைந்தால் மார்க் கிடைக்கும். கணக்கு நோட்டில் வரைந்தால் திட்டுதான் கிடைக்கும். ஆனா கணக்குக்காகவே மரம் வரைந்த ஒருத்தர் இருந்தார். அவர்தான் ஆர்தர் கெய்லி.

கெய்லி 1821 ஆகஸ்ட் 16-ல் இங்கிலாந்தில் ரிச்மண்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரஷ்யாவில் வியாபாரம் செய்ததால் சின்ன வயசில் அங்கேதான் வளர்ந்தார். 1842-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். ஆனாலும் பிழைப்புக்காக 14 வருஷம் வக்கீல் தொழில் செய்தார். அப்பவும் கணக்கை விடவில்லை. அந்த வருஷங்களிலேயே 200-க்கு மேல் கட்டுரைகள் எழுதினார்.

அதில் ஒன்றுதான் 1857-ல் எழுதிய மரக் கட்டுரை. ஒரு புள்ளி வேர். மற்ற புள்ளிகளைக் கோடு போட்டுக் கிளையாக இணைக்க வேண்டும். 3 புள்ளிக்கு 2 மரம், 4 புள்ளிக்கு 4 மரம், 5 புள்ளிக்கு 9 மரம் வரும். நான் வரைந்தபோது முதலில் 8 தான் வந்தது. ஒன்பதாவதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன்!

1863-ல் வக்கீல் வருமானத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குக் கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ஆனார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்ததற்குக் காரணம் வேறு. 1880-ல் சார்லட் ஸ்காட் என்ற பெண் அதே கணிதத் தேர்வில் எட்டாம் இடத்துக்கான மார்க் எடுத்தார். பெண் என்பதால் கேம்பிரிட்ஜ் பட்டம் தரவில்லை. கெய்லி அவருக்கு வழிகாட்டினார். 1885-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948-லதான்.

1895 ஜனவரி 26-ல் கெய்லி காலமானார். அவர் மரங்கள் பெரிசாகப் பயன்பட்டதை அவர் பார்க்கவில்லை.

ராக்கெட் போகும் பாதை மாதிரி மாறிக்கொண்டே இருப்பதைக் கணக்கிட வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். பலதுக்கும் நேரான விடை கிடையாது. அதனால் சின்னச் சின்ன அடியாக வைத்துக் கணக்கிடுவாங்க. ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பிழை வரும். அந்தப் பிழை எவ்வளவுன்னு அறிய, 1963-ல் நியூசிலாந்துக்காரர் ஜான் புட்சர் கெய்லியின் மரங்களை எடுத்தார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிபந்தனை. 4 புள்ளி வரைக்கும் 1+1+2+4, மொத்தம் 8 மரம். எட்டு நிபந்தனையும் சரியாக இருந்தால், அடியைப் பாதியாக்கும்போது பிழை கிட்டத்தட்ட 16-ல் ஒரு பங்காகிவிடும்!

உடனே பயன் தெரியலைன்னு கெய்லி நிறுத்தியிருந்தால்? இனிமேல் இந்தக் கணக்கு எதுக்குன்னு நான் கேட்கமாட்டேன்.

6 புள்ளிக்கு 20 மரம் வரும். முதலில் வரைந்து காட்டப்போவது யாரு?