கதவைத் தட்டிய மூன்று பேர்



ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் நின்றால், கையில் எக்ஸ்ரே கவரோடு வேலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். கேட்டால், சி.எம்.சி.க்குப் போகிறோம் என்பார்கள். அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறேன்.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தாவும் அப்பாவும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். தாது வருஷப் பஞ்சத்தின்போது ஐடா சிறு குழந்தை. பசியில் வாடிய பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டி கொடுத்த நினைவு அவரை விட்டு நீங்கவில்லை. அதனாலேயே இந்தியா வேண்டாம், அமெரிக்காவிலேயே வாழ வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் திட்டம். அங்கே ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துப் போய்விட்டார்கள். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

ஐடா அந்த இரவு முழுவதும் தூங்காமல் ஜெபித்தார். கடவுள் தன்னை அழைக்கிறார் என்று உணர்ந்தார். அவருக்குப் பிடித்த வேலையோ பிடித்த ஊரோ அல்ல. ஆனாலும் கீழ்ப்படிந்தார். காலையில் பெற்றோரிடம் போய், டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னார்.

1899-ல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900-ன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதங்களில் அப்பா காலமானார். பெண் டாக்டரை நம்பி ஆரம்பத்தில் அதிகம் பேர் வரவில்லை. பங்களாவின் சிறிய அறையிலேயே வைத்தியம் பார்த்தார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில், 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுத்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் தேறுவது கடினம் என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். முதல் அணியின் 14 பேரும் தேறினார்கள். பின்னாளில், பட்டப்படிப்பாக உயர்த்தினால்தான் கல்லூரி நடக்கும் என்ற நிலை வந்தபோது, எழுபது வயதில் அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1960 மே மாதம், 89-ஆம் வயதில் கொடைக்கானலில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. சென்ற வருடம் ஒரு நள்ளிரவு என் வீட்டு மணி அடித்தது. பின் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது, வண்டி வேண்டும் என்றார். கேட்டில் செக்யூரிட்டியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். என் கார் கீழேதான் நின்றது. தாயும் பிள்ளையும் நலம் என்று மறுநாள் தெரிந்தது. அது கடவுளின் கருணை, என் புண்ணியம் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவன் நான்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் இப்படிச் சொல்லத் தோன்றுகிறது: கடவுளை நேசிக்கிறேன் என்று நாம் சொல்வது பாஸ்புக்கில் எழுதிய தொகை மாதிரி. கதவு தட்டப்படும் நேரத்தில்தான் கணக்கில் பணம் இருக்கிறதா என்று தெரியும். ஐடாவும் விருப்பத்தோடு தொடங்கவில்லை. கீழ்ப்படிந்த பிறகு, வேலூர் மக்கள்மேல் அன்பு வருஷா வருஷம் வளர்ந்தது.

இப்போது என் கார் சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் மணியை அடியுங்கள்.