திடநிலை பேட்டரிக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் யார்? மைக்கல் ஃபாரடேயின் கதை

உங்கள் கைத்தொலைபேசி பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கிறது, தெரியுமா? சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் லித்தியம் அயனிகள் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. அந்தத் திரவத்தின் பெயர் எலக்ட்ரோலைட். சிக்கல் என்னன்னா, அது எளிதில் தீப்பற்றும். வீட்டுக்குள் மின்-ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடித்த செய்திகளை நீங்களும் படிச்சிருப்பீங்க.

திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்தால் ஆபத்து குறையும். கார் நிறுவனங்கள் போட்டி போட்டுத் தேடும் திடநிலை பேட்டரி அதுதான். ஆனால் கல் மாதிரி இருக்கும் பொருளுக்குள் அயனி எப்படி நகரும்? முதல் துப்பு 1830களிலேயே கிடைத்துவிட்டது.

புத்தகம் கட்டிய பையன்

மைக்கல் ஃபாரடே 1791இல் லண்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார்.

1812இல் புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. கேட்டதை எல்லாம் எழுதி, தானே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு, ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் உதவியாளராக வேலை கிடைத்தது.

1831இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரத்தை உண்டாக்கினார். இன்றைய மின்னாக்கிகளுக்கு அதுவே அடிப்படை.

தன் விதியைத் தானே மீறிய சோதனை

1833இல் ஃபாரடே ஒரு விதியைக் கண்டார். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், பனிக்கட்டி கடத்தாது. பல உப்புகளும் உருகினால்தான் கடத்தும், இறுகினால் கடத்தாது.

ஆனால் வெள்ளி சல்ஃபைடு அதற்கு அடங்கவில்லை. திடமாக இருந்தபோதே, சூடேறச் சூடேற அதிகமாகக் கடத்தியது. உலோகங்களில் நடப்பதற்கு இது நேர்மாறு. செக்கச்செவேலெனச் சூடாக்கிய ஈய ஃபுளூரைடும் உருகாமலேயே கடத்தியது.

யோசிச்சுப் பாருங்க. இப்போதுதான் கண்டுபிடித்த விதி, அதற்குள் விதிவிலக்கு! ஃபாரடே அதை மறைக்கவில்லை. காரணத்தை விளக்க முடியாதபோதும் பார்த்ததைப் பார்த்தபடியே பதிவு செய்தார். படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

அயனி என்ற சொல்லும் அவர் வழியாக வந்ததுதான். அறிஞர் வில்லியம் ஹியூவெலின் உதவியோடு, 'போவது' என்று பொருள்தரும் கிரேக்கச் சொல்லை 1834இல் எடுத்துக்கொண்டார். எலக்ட்ரோலைட், எலக்ட்ரோட் ஆகிய சொற்களும் அப்போது வந்தவையே.

திடப்பொருளில் அயனி எப்படி நகரும்?

நெரிசலான எம்ஆர்டி ரயிலை நினைச்சுக்கோங்க. எள் விழ இடமில்லை என்றால் யாரும் நகர முடியாது. ஒருவர் இறங்கினால் அடுத்தவர் அங்கே நகர்வார், அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர் வருவார். படிகத்துக்குள் அயனியும் அப்படித்தான் காலியிடத்துக்குத் தாவுகிறது. ஈய ஃபுளூரைடில் அந்தத் தாவலுக்குக் கடும் சூடு தேவைப்பட்டது. உங்கள் பேட்டரியோ சாதாரண அறை வெப்பத்தில் வேலை செய்ய வேண்டும்!

2007இல் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, வெர்னர் வெப்னர் மூவரும் ஒரு வழி காட்டினார்கள். லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த அவர்களின் செராமிக், அறை வெப்பத்திலேயே லித்தியம் அயனியை நன்றாகக் கடத்தியது. அதில் கொஞ்சம் அலுமினியம் சேர்த்தால் லித்தியத்தின் இடங்கள் சில காலியாகும், தாவல் எளிதாகும். 2011இல் ஜப்பானின் ரியோஜி கன்னோ குழு, திரவத்துக்கு ஈடாகக் கடத்தும் சல்ஃபைடு ஒன்றை அறிவித்தது.

கடத்தும் பொருள் கிடைத்தால் மட்டும் போதாது. செராமிக் விரிசல் விடும், சல்ஃபைடுக்கு ஈரக்காற்று ஆகாது, எலக்ட்ரோடுடன் இடைவெளி இல்லாமல் ஒட்டவும் வேண்டும். இப்போதைய ஆய்வுகள் இவற்றோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

ஃபாரடே 1867இல் காலமானார். நைட் பட்டம் வேண்டாம் என்றவர் அவர். முதல் லித்தியம் அயனி பேட்டரி விற்பனைக்கு வந்தது 1991இல், அவர் பிறந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து. சூடேறிய ஈய ஃபுளூரைடில் அவர் கண்ட மாற்றத்தை விஞ்ஞானிகள் இன்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்: ஃபாரடே மாற்றம்.