நூற்றுக்கு நூறு அம்மா தேவையா? டொனால்ட் வின்னிகாட் சொன்னது என்ன?

ஒருநாள் கோபத்தில் கத்திவிட்டால்கூட, 'குழந்தையோட மூளை வளர்ச்சி பாதிக்குமோ' என்று ராத்திரி முழுக்க கூகுளில் தேடும் பெற்றோரா நீங்கள்? அப்படியானால் இந்த பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

1896-ல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்தவர் டொனால்ட் வின்னிகாட். அப்பா வசதியான வியாபாரி. அம்மாவுக்கோ மனச்சோர்வு. அவரை உற்சாகப்படுத்துவதே தன் வேலையாக இருந்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1923-ல் லண்டனின் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்து, சுமார் 40 ஆண்டுகள் வேலை பார்த்தார். உளப்பகுப்பாய்வும் கற்றார். அவருக்குக் குழந்தைகள் இல்லை.

கோபம் வந்தால் தப்பா?

இரண்டாம் உலகப் போரின்போது, அடிக்கடி ஓடிப்போகும் 9 வயதுச் சிறுவனை 3 மாதம் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அவன்மேல் தனக்கே வெறுப்பு வந்ததை 1949-ல் வெளியான கட்டுரையில் ஒளிக்காமல் எழுதினார். அம்மாவுக்குத் தன் குழந்தைமேல் வெறுப்பு வர 18 காரணங்களையும் அதில் பட்டியல் போட்டார். அந்த உணர்வு வருவது இயல்பு, அதைக் குழந்தைமேல் காட்டாமல் தாங்குவதுதான் பெரிய விஷயம் என்பது அவர் கருத்து.

இதற்கும் அறிவு வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?

பிறந்த புதிதில் குழந்தையின் தேவை உடனுக்குடன் நிறைவேற வேண்டும். அப்புறம் சின்னச் சின்னத் தாமதங்கள் வரலாம். அடுப்படியில் சத்தம் கேட்டால் பால் வருகிறது என்று குழந்தையே ஊகித்துக் காத்திருக்கும். யோசிக்கும் திறன் இப்படித்தான் வளர்கிறது என்றார். அதனால் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, போதுமான அளவு நல்ல அம்மா போதும் என்றார்.

தாமதமும் புறக்கணிப்பும் தாங்க முடியாத அளவுக்குப் போனால் கதை வேறு. அப்போது குழந்தை விளையாட வேண்டிய நேரத்தில் பெரியவர்களின் முகத்தையே கண்காணித்துக்கொண்டிருக்கும். பெற்றோரின் நீண்டகால மன அழுத்தம், குழந்தையோடு பேசுவதையும் விளையாடுவதையும் குறைத்துவிடக்கூடும் என்று பிற்கால ஆய்வுகளும் சொல்கின்றன.

சரி, என்ன செய்வது?

1940-களிலிருந்து பிபிசி வானொலியில் அம்மாக்களிடம் பேசிய வின்னிகாட், இப்படித்தான் வளர்க்கணும் என்று உத்தரவு போடவில்லை. அம்மா குழந்தையைத் தாங்க, அப்பாவும் குடும்பமும் அம்மாவைத் தாங்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார்.

1971-ல் அவர் இறந்தார். குழந்தை வளர்ப்பு அம்மா ஒருத்தி எழுதும் பரீட்சை அல்ல என்பதுதான் அவர் விட்டுச்சென்ற பாடம்.