பட்டம் தராத பள்ளியின் அன்னை

முப்பது ஆண்டுகள் மதிப்பெண் பட்டியல் எழுதிய ஆசிரியன் நான். ஓவியத்தில் தேர்ந்த மாணவன் ஒருவன் இரண்டு பாடங்களில் தோற்று, படிப்பை நிறுத்திக்கொண்டான். அவனது பட்டியலிலும் என் கையெழுத்து இருந்தது. புதுச்சேரி கடற்கரைக்கு அருகிலுள்ள அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையத்தைக் கடக்கும்போதெல்லாம் அவன் நினைவுக்கு வருகிறான்.

அந்த மையத்தை உருவாக்கியவரும் ஓர் ஓவியரே. 1878 பிப்ரவரி 21-இல் பாரிஸில் பிறந்த மிரா அல்ஃபாசா, அந்நகரின் ஜூலியன் ஓவியப் பள்ளியில் பயின்றவர். 1914 மார்ச் 29-இல் புதுச்சேரி வந்து அரவிந்தரைச் சந்தித்தார். போர்க்காலத்தில் ஊர் திரும்ப நேர்ந்தது. ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் 1920 ஏப்ரலில் நிரந்தரமாக இங்கு வந்துசேர்ந்தார். 1926-இல் அரவிந்தர் தனிமையை மேற்கொண்டபோது ஆசிரமத்தின் முழுப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஸ்ரீஅன்னை என்றே உலகம் அவரை அறியும்.

இரண்டாம் உலகப் போரின்போது அன்பர்கள் குடும்பத்துடன் ஆசிரமத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களின் குழந்தைகளுக்காக 1943 டிசம்பர் 2-இல் ஒரு பள்ளி தொடங்கினார். முதலில் ஏறத்தாழ இருபது பிள்ளைகளே இருந்தனர். 1950 டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார். அவர் நினைவாகப் பல்கலைக்கழக மையம் ஒன்றை நிறுவ 1951 ஏப்ரலில் சியாமா பிரசாத் முகர்ஜி தலைமையில் மாநாடு கூடியது. 1952 ஜனவரி 6-இல் மையம் திறக்கப்பட்டது. 1959-இல் இன்றைய பெயரைப் பெற்றது.

மழலையர் வகுப்பு முதல் உயர்கல்வி வரை ஒரே கூரையின்கீழ் அமைந்த கல்வி அது. கணிதமும் அறிவியலும் பிரெஞ்சு மொழியில் கற்பிக்கப்பட்டன. இலக்கியத்துக்கு இணையாக இசைக்கும் ஓவியத்துக்கும் விளையாட்டுக்கும் இடமிருந்தது. எதை, எந்த வேகத்தில் கற்பது என்பதில் மாணவருக்கே உரிமை தரும் முறையை அன்னை ஊக்குவித்தார். படித்து முடித்தவருக்குப் பட்டமோ சான்றிதழோ கிடையாது. கற்றல் கற்றலுக்காகவே என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1973 நவம்பர் 17-இல் அவர் மறைந்த பின்னரும் அந்த மரபு தொடர்கிறது.

இதை எல்லாப் பள்ளிகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆசிரமத்தின் அரவணைப்பும் குறைந்த மாணவர் எண்ணிக்கையும் அங்கே துணைநின்றன. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ்தான் வேலைவாய்ப்பின் வாசல்; அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆனால், ஒரு பிள்ளையிடம் உள்ள திறனைக் காண மதிப்பெண் ஒன்றே போதும் என்று நம்பும் உரிமையும் நமக்கில்லை. வாசல் வேண்டும்; அது ஒன்றாக மட்டும் இருக்கலாகாது. இதை உணர எனக்கு முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அதற்குள் அந்த மாணவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.