நாவை வென்ற நடிகர்

நடிப்புக் கலையில் ஈடுபடுவோர்க்குக் கண்ணும் கையும் நடையும் மெய்ப்பாடும் இன்றியமையாத கருவிகளாகும். ஆயினும், அவை யாவற்றினும் சிறந்த கருவி குரலேயாகும். அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்போர்க்கு நடிகரின் கண்ணசைவு புலப்படாது. அவருடைய குரல் மட்டுமே அங்கே சென்று சேரும். அத்தகைய குரலே ஒருவனுக்குப் பகையாக அமைந்துவிடின், அவன் நடிகனாதல் எங்ஙனம்? தன் பெயரையே திருத்தமாகச் சொல்ல இயலாதிருந்த ஓர் ஏழைச் சிறுவன், பின்னாளில் தன் குரலின் சிறப்பினாலேயே உலகப் புகழ் பெற்றான். அவ்வாறு புகழ் பெற்றவரே ஆங்கில நடிகர் கிளாடு ரெயின்ஸ் ஆவார்.

பிறப்பும் இளமையும்

வில்லியம் கிளாடு ரெயின்ஸ் 1889-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தையார் பிரெடரிக் ரெயின்ஸ் ஒரு நாடக நடிகர். அந்நாளில் நடிப்புத் தொழில் நிலையான வருவாய் தருவதாக இல்லை. ஆகவே, குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. தாயார் பன்னிரண்டு மக்களைப் பெற்றார். அவர்களுள் மூவரே பிழைத்து வளர்ந்தனர். எஞ்சியோர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர்.

கிளாடு பள்ளியில் கற்ற காலம் மிகக் குறைவு. தொடக்க வகுப்புகளைத் தாண்டுமுன்னரே அவர் பள்ளியை விட்டு, தெருக்களில் செய்தித்தாள் விற்கலானார். கிடைத்த சில்லறைக் காசுகளைத் தாயிடம் கொடுத்து மகிழ்ந்தார். மாதா கோயிலின் பாடற்குழுவில் சேர்ந்து பாடியும் சில காசுகள் ஈட்டினார்.

வறுமையைவிடப் பெரிய குறை ஒன்றும் அவரிடம் இருந்தது. பேசும்போது நாக்கு அவருக்குத் திக்கியது. ரகர ஒலி அவர் வாயில் வகரமாகவே வெளிப்பட்டது. ஆதலால், ரெயின்ஸ் என்னும் தம் குடிப்பெயரை அவர் வெயின்ஸ் என்றே சொல்லி வந்தார். மேலும், இலண்டனின் எளிய மக்கள் பேசும் கொச்சை மொழி அவர் நாவில் ஊறியிருந்தது. கற்றோர் நிறைந்த நாடக மேடையில் அத்தகைய பேச்சுக்கு இடமில்லை.

அரங்கின் வாயிலில்

1900-ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள ஹேமார்க்கெட்டு அரங்கில் ஒரு நாடகம் நிகழ்ந்தது. அதில் கூட்டமாகத் தோன்றுவதற்குச் சிறுவர் சிலர் வேண்டப்பட்டனர். பத்து வயதுச் சிறுவனாக இருந்த கிளாடும் அவர்களுள் ஒருவராய் மேடையேறினார். அவர் பேசவேண்டிய சொல் ஒன்றேனும் அந்நாடகத்தில் இல்லை. எனினும், மேடையின் ஒளி அவர் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது.

பின்னர் அவர், புகழ்பெற்ற நடிகரும் நாடகத் தலைவருமான சர் ஹெர்பர்ட் பீர்போம் திரீ என்பாரின் அரங்கில் சிறு வேலை ஒன்றில் அமர்ந்தார். நடிகர்களின் ஒப்பனை அறைக் கதவைத் தட்டி, அவர்கள் மேடைக்கு வரவேண்டிய நேரத்தை அறிவிப்பதே அவ்வேலை. அதனைச் செவ்வனே செய்தமையால், மறைவில் நின்று நடிகர்க்கு உரையை எடுத்துக் கொடுக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அதன்பின் மேடை மேற்பார்வைப் பணியிலும் அவர் உயர்ந்தார். மேடைக்குப் பின்புறத்தில் நடைபெறும் வேலைகள் யாவும் அவருக்கு அத்துபடியாயின. ஆனால், மேடையின் முன்புறம் வருவதற்கு அவருடைய நாவே தடையாக நின்றது.

ஆசிரியர் காட்டிய அருள்

அச்சிறுவனிடம் மறைந்து கிடந்த ஆற்றலைத் திரீ கண்டுகொண்டார். நல்ல நடிகனாக வேண்டுமாயின் கொச்சைப் பேச்சையும் திக்குதலையும் விட்டொழிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார். அறிவுரை கூறுவது எவர்க்கும் எளிது. திரீ அத்துடன் நில்லாது, பேச்சுப் பயிற்சி நூல்களை வாங்குவதற்கும் பயிற்சி பெறுவதற்கும் வேண்டிய பொருளைத் தாமே கொடுத்து உதவினார்.

கிளாடு அவ்வுதவியை வீணாக்கவில்லை. ஒலிகளை நாள்தோறும் இடையறாது பயின்றார். பிழையாக ஒலித்தவற்றைத் திருத்தித் திருத்திப் பேசினார். இத்தகைய முயற்சி ஓரிரு திங்களில் நிறைவேறுவதன்று. ஆண்டுகள் பல சென்றன. இறுதியில் திக்குதலும் கொச்சையும் நீங்கின. தேனின் இனிமையும் வெண்கலத்தின் கணீரென்னும் ஓசையும் கலந்தாற்போன்ற குரல் ஒன்று அவருக்கு வாய்த்தது. அக்குரல் பிறவியில் கிடைத்த பேறன்று. உழைப்பினால் ஈட்டிய செல்வமாகும்.

போரில் இழந்த கண்

நாடகக் குழு ஒன்றுடன் ரெயின்ஸ் அமெரிக்காவிற்குச் சென்று பணியாற்றினார். அக்காலத்தில், 1914-ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி, இலண்டன் ஸ்காட்டிஷ் என்னும் படைப்பிரிவில் எளிய போர்வீரராகச் சேர்ந்தார். பின்னாளில் திரையுலகில் புகழ்பெற்ற ரொனால்டு கோல்மன், பேசில் ராத்போன் முதலிய நடிகர்களும் அப்படைப்பிரிவில் பணியாற்றியவர்களே.

1916-ஆம் ஆண்டின் இறுதியில், பிரெஞ்சு நாட்டில் விமி என்னுமிடத்திற்கு அருகே பகைவர் நச்சுவாயுவைச் செலுத்தித் தாக்கினர். அத்தாக்குதலில் ரெயின்ஸின் வலக்கண் பார்வை பெரும்பாலும் அழிந்தது. அவர் மீண்டும் போர்முனைக்குச் செல்லவில்லை. எனினும் படைப்பணியிலிருந்து விலகாது, போர் முடிவதற்குள் காப்டன் நிலைக்கு உயர்ந்தார். கண்ணின் குறையை அவர் பிறரிடம் வெளியிட்டதில்லை. பின்னாளில் அவருடன் நடித்தோருள்ளும் மிகச் சிலரே அதனை அறிந்திருந்தனர்.

கற்றதைக் கற்பித்தல்

போருக்குப்பின் ரெயின்ஸ் இலண்டன் மேடையில் சிறந்த நடிகராக விளங்கினார். அத்துடன், நாடகக் கலையைக் கற்பிக்கும் அரசவைக் கழகத்தில் ஆசிரியராகவும் அமர்ந்தார். அக்கழகத்தை 1904-ஆம் ஆண்டில் நிறுவியவர், அவருக்கு வாழ்வளித்த திரீயேயாவார். அவர் 1917-ஆம் ஆண்டில் மறைந்துவிட்டார். ஆயினும், அவர் ஒரு சிறுவனுக்குச் செய்த உதவி, அவர் நிறுவிய கழகத்திலேயே மாணவர் பலர்க்குப் பயன்பட்டது. முன்பு தன் பெயரையே சொல்லத் தடுமாறிய நாக்கு, இப்பொழுது பிறர்க்குப் பேசக் கற்றுக் கொடுத்தது.

அவரிடம் பயின்றோருள் ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். கீல்குட் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்து அழியாப் புகழ் எய்தினார். லாட்டன் திரையுலகில் ஒப்பற்ற நடிகரானார்.

காணாத முகம், கேட்ட குரல்

1926-ஆம் ஆண்டில் ரெயின்ஸ் மீண்டும் அமெரிக்கா சென்று நியூயார்க்கு நகரில் நடிக்கலானார். 1932-ஆம் ஆண்டில், சீன உழவர் வாழ்வைச் சித்திரிக்கும் பெர்ல் பக்கின் புதினமான நல்ல நிலம் அங்கு நாடகமாயிற்று. அதில் வாங் லங் என்னும் உழவனாக அவர் நடித்தார். அக்காலத்தில் அந்நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி நிலவியது. நாடகத் தொழில் எந்த நாளில் கைவிடுமோ என்று அஞ்சி, அவர் ஒரு சிறு பண்ணை வாங்கி உழவுத் தொழிலிலும் ஈடுபட்டார்.

அந்நாளில் பேசும் படங்கள் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ரெயின்ஸ் திரைப்படத்திற்கென நடித்துக் காட்டிய தேர்வு வெற்றியுடையதாக இல்லை. ஆனால், அவருடைய குரலைக் கேட்ட இயக்குநர் ஜேம்ஸ் வேல், தாம் தேடிக்கொண்டிருந்தது அதுவே என்று உணர்ந்தார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897-ஆம் ஆண்டில் வெளியிட்ட கண்ணுக்குப் புலனாகாத மனிதன் என்னும் புதினத்தை வேல் படமாக்க முனைந்திருந்தார். அக்கதையின் தலைவன் உருவம் மறைந்தவன். அவன் இருப்பதைக் குரல் ஒன்றே காட்டவேண்டும்.

1933-ஆம் ஆண்டில் அப்படம் வெளிவந்தது. முகம் முழுவதும் துணிக்கட்டுகளால் மூடப்பட்டவராகவும், ஆடை மட்டும் நடமாட உடல் தெரியாதவராகவும் ரெயின்ஸ் அதில் தோன்றினார். உடல் மறைந்த காட்சிகளை எடுப்பதற்குக் கரிய வெல்வெட்டுத் துணியால் உடலைப் போர்த்தி, மேலே ஆடை அணிவித்து, கரிய திரையின் முன் நடிக்கச் செய்தனர். கருமையோடு கருமை கலந்துவிட, ஆடை மட்டுமே படத்தில் பதிந்தது. பின்னர் அதனை வேறு காட்சிகளோடு இணைத்தனர். படத்தின் முடிவில், கதைத்தலைவன் உயிர் துறக்கும் வேளையில்தான் ரெயின்ஸின் முகம் சில நொடிகள் தென்பட்டது. அதுகாறும் அச்சமும் செருக்கும் வெறியும் துயரமும் குரல் வழியாகவே வெளிப்பட்டன. முகம் காணாமலேயே மக்கள் ஒரு நடிகரைப் போற்றிய விந்தை அன்று நிகழ்ந்தது.

திரையுலகில்

அப்பொழுது ரெயின்ஸ் நாற்பது வயதைக் கடந்தவர். உயரத்திலும் சற்றுக் குறைந்தவர். ஆகவே, காதல் தலைவனாக நடிக்கும் வாய்ப்பு அவருக்கு மிகுதியாகக் கிடைக்கவில்லை. அவர் அதற்கு வருந்தவில்லை. துணைப் பாத்திரங்களையே ஏற்று, அவற்றிற்கு உயிரூட்டினார். தீயவனாக நடிக்கும்போதும் அவன் நெஞ்சில் எஞ்சியிருக்கும் மனிதத் தன்மையை அவர் புலப்படுத்தினார்.

1939-ஆம் ஆண்டில் வெளிவந்த மிஸ்டர் ஸ்மித் வாஷிங்டன் செல்கிறார் என்னும் படத்தில், பதவிக்காக நேர்மையை விற்றுவிட்டு மனச்சான்றினால் வருந்தும் மேலவை உறுப்பினராக நடித்தார். 1942-ஆம் ஆண்டில் வெளியான காசாபிளாங்கா படத்தில், கைக்கூலி வாங்கியும் நகைச்சுவை பேசியும் காலங்கழித்து, இறுதியில் நன்மையின் பக்கம் சேரும் காவல் தலைவராகத் தோன்றினார். 1944-ஆம் ஆண்டின் மிஸ்டர் ஸ்கெபிங்டன் படத்தில், நாஜிகளின் சிறைமுகாமில் கண்ணொளி இழந்து திரும்பும் யூதராக நடித்தார். 1946-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஹிச்காக் இயக்கிய நொட்டோரியஸ் படத்தில், தாயின் சொல்லுக்கு அடங்கிய சதிகாரனாக நடித்து, அவன்பாலும் காண்போர் இரக்கங்கொள்ளுமாறு செய்தார்.

இந்நான்கு படங்களுக்காகவும் சிறந்த துணைநடிகருக்குரிய ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால், ஒருமுறையேனும் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய மாணவர் லாட்டன் எட்டாம் ஹென்றி மன்னராக நடித்து, சிறந்த நடிகருக்குரிய பரிசை முன்னரே பெற்றிருந்தார். மற்றொரு மாணவர் கீல்குட், 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆர்தர் என்னும் படத்திற்காக, ஆசிரியர்க்குக் கிட்டாத அதே துணைநடிகர் பரிசைப் பெற்றார்.

நாடக மேடை ரெயின்ஸை மறக்கவில்லை. ஆர்தர் கோஸ்லரின் நண்பகலில் இருள் என்னும் புதினம் 1951-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நாடகமாக நடிக்கப்பட்டது. தாம் தொண்டு செய்த அரசாலேயே சிறையிடப்பட்ட ஒரு முதியவராக அதில் அவர் நடித்தார். அவ்வாண்டின் சிறந்த நாடக நடிகருக்குரிய டோனி பரிசைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

தொலைக்காட்சியில்

தொலைக்காட்சி பரவியபோது, முதுமையடைந்த நடிகர் சிலர் அதனை இகழ்ந்து ஒதுங்கினர். ரெயின்ஸ் அவ்வாறு ஒதுங்கவில்லை. ஹிச்காக்கின் தொடர் நிகழ்ச்சியில் பலமுறை தோன்றினார். 1957-ஆம் ஆண்டில், ஹேமலின் நகரக் குழலூதியின் கதையில் நகரத் தலைவராக நடித்துச் சிறுவர்களை மகிழ்வித்தார்.

1959-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நூரம்பர்க்குத் தீர்ப்பு என்னும் நாடகம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. நாஜிகளுக்குத் துணைபோன ஜெர்மானிய நீதிபதிகளை விசாரிக்கும் அமெரிக்க நடுவராக ரெயின்ஸ் அதில் நடித்தார். அந்நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தோருள் எரிவாயு விற்பனையாளர்களின் சங்கமும் ஒன்று. மக்களைக் கொன்ற வாயு அறைகளைப்பற்றிய பேச்சு தம் வாணிகத்திற்கு இழுக்காகும் என அச்சங்கத்தார் கருதினர். ஆகவே, நடுவர் வாயு என்னும் சொல்லைக் கூறியபொழுது ஒலி நிறுத்தப்பட்டது. ரெயின்ஸின் உதடுகள் அசைந்தன. குரல் மட்டும் கேட்கவில்லை. நச்சுவாயுவினால் கண்ணிழந்த ஒருவர் அச்சொல்லைக் கூறியபோது, அது மக்கள் செவிக்கு எட்டாமற் போயிற்று. ஆயினும், அம்மறைப்பு வெளிப்பட்டுப் பலருடைய கண்டனத்திற்கு ஆளாயிற்று. அதனால், மறைக்க முயன்ற சொல்லே பின்னர் ஊரறியப் பேசப்பட்டது.

இறுதி நாட்கள்

ரெயின்ஸ் 1939-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பென்சில்வேனியா மாநிலத்தில் ஏறத்தாழ 380 ஏக்கர்ப் பண்ணை ஒன்றை வாங்கி, படப்பிடிப்பு இல்லாத நாட்களில் உழவராகவே வாழ்ந்தார். நூல்களைக் கற்பதில் அவர் கொண்டிருந்த வேட்கை, இளமையில் இழந்த பள்ளிக் கல்வியை ஈடுசெய்தது. 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த அரேபிய லாரன்ஸ் படத்தில், சூழ்ச்சித் திறம் வாய்ந்த அரசியல் அலுவலராக நடித்தபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். 1965-ஆம் ஆண்டில் வெளியான ஏசுநாதர் வரலாற்றுப் படத்தில் ஏரோது மன்னராக நடித்ததே அவருடைய இறுதித் திரை நடிப்பாகும்.

1967-ஆம் ஆண்டு மே திங்கள் 30-ஆம் நாள், நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், தம் எழுபத்தேழாம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

வறுமை அவருடைய கல்வியைப் பறித்தது; போர் ஒரு கண்ணைப் பறித்தது. ஆனால், உழைத்துப் பெற்ற குரலை எதனாலும் பறிக்க இயலவில்லை. அக்குரல் அவர் நடித்த படங்களில் இன்றும் ஒலிக்கின்றது. குறை உடையவன் என்று எள்ளாமல் ஓர் ஏழைச் சிறுவனுக்குக் கைகொடுத்த ஆசிரியரின் பெருமையையும், அவ்வுதவியை மும்மடங்காக்கி உலகிற்குத் திருப்பித் தந்த மாணவரின் நன்றியையும் அது ஒருங்கே எடுத்துரைக்கின்றது.