பொறிவல்லார் கார்லோ குட்சி

ஒரு பொருளுக்கு உடையராதல் வேறு. அப்பொருளைப் பேணுதல் வேறு. விலை கொடுத்த அப்பொழுதே உடைமை முற்றுப்பெற்று விடுகின்றது. பேணுதலோ அன்று தொடங்கிப் பொருள் உள்ளளவும் நீள்வது. உடைமைக்குப் பணம் போதும். பேணுதற்குப் பொறுமையும், பழகிய கையும், பொருளின் இயல்பை உணர்ந்த அறிவும் வேண்டும்.

இவ்வேற்றுமையைக் கண்கூடாகக் காட்டும் பொருள்களுள் ஒன்று பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள். மோட்டோ குட்சி நிறுவனத்தார் 1950ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பல்கோனே' என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். பல்கோனே என்பது வல்லூற்றைக் குறிக்கும் இத்தாலியச் சொல். அவ்வண்டிகளுட் பல இன்றும் வீதிகளில் ஓடுகின்றன. அதனை வைத்திருப்பவர் கிளப்புமுன் செய்யவேண்டுவன சில உள. நெடுநாள் நின்ற வண்டியாயின், தாங்கியிலுள்ள எண்ணெய் மெல்லக் கசிந்து பொறியின் அடிப்பெட்டியுள் தேங்கியிருத்தல் கூடும். அதனைப் பார்த்து வடித்துவிடல் வேண்டும். மக்னீற்றோவின் தொடுமுனைகளைத் துடைத்தல் வேண்டும். அவை தூயனவாயின் பற்றரி வலுவிழந்திருப்பினும் பொறி உயிர்பெறும். பின்னர்க் கைப்பிடியருகேயுள்ள நெம்பினால் வால்வைச் சிறிது தூக்கி, உருளையினுள் அழுத்தத்தைத் தளர்த்தி, பிஸ்டனை உரிய நிலைக்குக் கொணர்ந்து ஒருமுறை உதைத்தால், அவ்வொற்றை உருளை நிதானமாகத் துடிக்கத் தொடங்கும். பொறியின் இடப்பக்கத்தே மூடியின்றி வெளியே ஒரு பெரிய இரும்புச் சில்லு சுழலும். பிளைவீல் எனப்படும் அச்சில்லு, கடைகளில் இறைச்சி சீவும் பொறியை ஒத்திருத்தலின், ஆங்கிலேயர் அப்பெயரையே வேடிக்கையாக அதற்கு இட்டு வழங்கினர்.

இவ்வளவும் செய்தற்கு வண்டிக்காரர் பெருந்தொழிற்சாலையை நாட வேண்டுவதில்லை. சில ஸ்பானர்களும் சிறிது பொறுமையும் போதும். இது தற்செயலாக நேர்ந்த நன்மையன்று. தம் கையாற் பொறிகளைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவர், பிறரும் தத்தம் கையாற் பழுதுபார்க்குமாறு எண்ணி அமைத்த அமைப்பு அது. அவர்தாம் கார்லோ குட்சி.

உலைக்களமும் வானூர்தியும்

கார்லோ குட்சி 1889ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4ஆம் நாள் இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்தார். எனினும் அவர்தம் வாழ்வு வேரூன்றியது மிலானிலன்று. வடக்கே, மலைகள் சூழ்ந்த கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ என்னும் சிற்றூரிலாம். ஆங்கே ஜோர்ஜோ ரிப்பமொந்தி என்னும் கொல்லரின் பட்டறை இருந்தது. இளைஞராகிய குட்சிக்கு அப்பட்டறையே பயிற்சிக்களமாயிற்று. நூலறிவு பொறியின் அளவுகளைக் கற்பிக்கும். இரும்பு எவ்விடத்தில் வளையும், எவ்விடத்தில் முறியும் என்பதை உலைக்களமே கற்பிக்கும்.

முதலாம் உலகப் போர் மூண்டபோது குட்சி இத்தாலியக் கடற்படையின் வானூர்திப் பிரிவிற் பொறிவினைஞராகப் பணியாற்றினார். ஆங்கே அவருக்கு இருவர் நண்பராயினர். ஒருவர் ஜோர்ஜோ பரோடி. ஜெனோவா நகரிற் கப்பல் வாணிகம் செய்த செல்வக் குடியிற் பிறந்த வானோட்டி. மற்றவர் ஜொவானி ரவெல்லி, இவரும் வானோட்டியே, போருக்கு முன்னரே மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டிகளிற் பெயர் பெற்றவர். போர் ஓய்ந்தபின் தாமே ஒரு மோட்டார் சைக்கிள் ஆக்கவேண்டும் என்று மூவரும் திட்டமிட்டனர். குட்சி அதனை அமைப்பார். பரோடி பொருளுதவி தேடுவார். ரவெல்லி அதனைப் பந்தயங்களில் ஓட்டிப் புகழ் சேர்ப்பார். இதுவே அவர்தம் உடன்பாடு.

போர் 1918இல் முடிந்தது. ஆயின், 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ரவெல்லி வானூர்தி விபத்தில் உயிர் நீத்தார். போர்க்களத்தில் மாயாத வீரர், போர் ஓய்ந்தபின் மாய்ந்தார். எஞ்சிய இருவரும் திட்டத்தைக் கைவிட்டிலர். தம் வண்டிக்குச் சிறகு விரித்த கழுகைச் சின்னமாகக் கொண்டனர். இன்றும் மோட்டோ குட்சி வண்டியின் பெற்றோல் தாங்கியிற் பொறிக்கப்பெறும் அக்கழுகு, தன் பங்கை ஆற்ற இயலாது பிரிந்த மூன்றாம் நண்பரின் நினைவுச்சின்னமாகும்.

முதல் வண்டி

பரோடியின் தந்தையார் எமானுவேலே வித்தோரியோ பரோடி வாணிகத்தில் விழிப்புடையவர். 1919ஆம் ஆண்டு ஜனவரியில் தம் மைந்தருக்கு எழுதிய கடிதத்தில், முதல் முயற்சிக்கு 1,500 அல்லது 2,000 லீரா தருவதற்கு இசைந்தார். அத்தொகைக்கு மேற் செல்லலாகாது என்பது நிபந்தனை. செய்து முடித்தது தமக்கு மனநிறைவு அளிப்பின் மேலும் உதவுதற்கும் ஆயத்தமாயிருந்தார்.

ரிப்பமொந்தியின் பட்டறையிலே முதல் வண்டி உருவாயிற்று. குட்சி, பரோடி என்னும் பெயர்களின் முதலெழுத்துக்களால் அதற்கு 'ஜீ.பீ.' எனப் பெயரிட்டனர். அவ்வெழுத்துக்கள் ஜோர்ஜோ பரோடி என்னும் தனிப்பெயருக்கும் பொருந்துமாதலின், அம்மயக்கத்தைத் தவிர்த்தற்குப் பின்னர் 'மோட்டோ குட்சி' எனப் பெயரை மாற்றினர். நண்பர் தம் பெயரை விலக்கிக்கொள்ள, பொறிவினைஞரின் பெயர் நிலைத்தது. 1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் ஜெனோவாவில் நிறுவனம் முறையாகத் தோன்றியது.

ஈண்டு வாசகர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தியொன்று உளது. தம் பெயர் தாங்கிய அந்நிறுவனத்திற் குட்சிக்கு உடைமைப் பங்கு யாதும் இல்லை. ஆக்கப்பெறும் ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு என்று ஓர் உரிமைத்தொகையே அவர் பெற்றார். பெயர் அவருடையது, அறிவு அவருடையது, உடைமை பிறருடையது. உடையரல்லாத அவரே அதனைப் பேணியவர். வண்டி நன்கு அமைந்து விலைபோனாலன்றி அவருக்கு ஊதியம் இல்லையாதலின், அவர்தம் நலனும் வண்டியின் நலனும் ஒன்றாயின.

கிடந்த உருளை

'ஜீ.பீ.' வண்டி நான்கு வால்வுகளும் உருளையின் தலைமேற் சுழலும் தண்டும் உடையதாய், அக்காலத்துக்கு மிக நுண்ணியதாய் இருந்தது. ஆயின் நுட்பம் மிக மிக விலையும் மிகும், பழுதும் மிகும். ஆகவே விற்பனைக்கெனக் குட்சி அதனை எளிமையாக்கினார். 1921இல் வெளிவந்த 'நோர்மாலே' என்னும் அவ்வண்டிக்கு இரண்டே வால்வுகள். ஒன்று உருளையின் பக்கத்தே, மற்றது தலைமேல். உருளையின் விட்டம் 88 மில்லிமீற்றர், பிஸ்டனின் ஓட்டம் 82 மில்லிமீற்றர், கொள்ளளவு 498.4 கன சென்றிமீற்றர். வலு ஏறத்தாழ 8 பரிவலு. முதலாண்டில் ஆக்கப்பெற்றவை 17 வண்டிகளே.

இவ்வண்டியின் சிறப்பு வலுவிலன்று, அமைப்பிலே இருந்தது. பிறர் உருளையை நிமிர்த்தி நிறுத்தக் குட்சி அதனை முன்னோக்கிக் கிடத்தினார். அதனால் வண்டியின் பாரம் தாழ்ந்து நிலைபேறு மிகுந்தது. உருளையின் தலையில் எதிர்காற்று நேரே மோதி வெப்பத்தைத் தணித்தது. கனத்த பிளைவீலை அடிப்பெட்டியின் உள்ளே அடைக்காது புறத்தே வைத்தமையால் அப்பெட்டி சிறியதாகவும் உறுதியாகவும் அமைந்தது. கியர்பெட்டியையும் பொறியையும் ஒரே கூடாக்கினார். பொறியிலிருந்து கியர்பெட்டிக்கு வலுவைச் சங்கிலியாற் கடத்தாது பற்சில்லுகளாற் கடத்தினார். ஆதலின் அவ்விடத்தில் இறுக்குதற்கும் மாற்றுதற்கும் சங்கிலி இல்லை. பின்சில்லுக்குச் செல்லும் சங்கிலி ஒன்றே வண்டிக்காரர் கவனிக்கவேண்டுவது.

இவ்வமைப்பே பின்வந்த குட்சி வண்டிகளுக்கு முதனூலாயிற்று. பல்கோனேயின் விட்டமும் ஓட்டமும் நோர்மாலேயின் அவ்விரு அளவுகளே. குட்சி மறைந்தபின் 1969இல் வெளிவந்த புதிய பல்கோனேயிற் பிளைவீல் மூடியுள் மறைந்தபோதும் 88, 82 என்னும் அளவுகள் மாறவில்லை. 1976 வரை அவ்வண்டி ஆக்கப்பெற்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஓரளவு நிலைத்து நின்றது பொறியுலகில் அருமை. புதுமை வேண்டாதார் செயலோ இது எனின், அன்று. பின்வரும் வரலாறு அதனைத் தெளிவுபடுத்தும்.

வடதுருவ வட்டமும் மான் தீவும்

அக்காலத்து மோட்டார் சைக்கிள்களின் பின்சில்லுக்குச் சுருள்வில் இருப்பது அரிது. மேடுபள்ளங்களின் அதிர்ச்சி முழுவதும் ஓட்டுபவரின் முதுகெலும்பையே தாக்கும். குட்சியும் அவர்தம் உடன்பிறந்தார் ஜூசெப்பேயும் பொறியின் அடியிலே ஒரு பெட்டியுட் சுருள்விற்களை அடக்கிப் பின்சில்லை அசையவிட்டனர். 1928இல் ஜூசெப்பே அவ்வண்டியில் ஏறி, அந்நாளைய கரடுமுரடான வீதிகளைக் கடந்து, நோர்வே நாட்டின் வடதுருவ வட்டம் வரை சென்றார். அப்பயணத்தால் அவ்வண்டி 'நோர்ஜே' எனப் பெயர் பெற்றது. ஆயினும் பின்சில்லு அசைந்தால் வண்டி நிலைகுலையும் என்று அஞ்சிய மக்கள் அதனை விரும்பி வாங்கிலர்.

அவ்வச்சத்தைத் தீர்த்தது இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட மான் தீவின் ஓட்டப்போட்டி. முன்னர், 1926இல், அங்கே பியெத்ரோ கெர்சி என்னும் இத்தாலியர் 250 கன சென்றிமீற்றர் வகுப்பிற் குட்சி வண்டியை ஓட்டி இரண்டாவதாக வந்தும் தகுதியிழந்தார். தீப்பொறி எழுப்பும் பிளக், விண்ணப்பத்திற் குறித்த நிறுவனத்தார் செய்ததன்று என்பதே குற்றம்! ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1935இல் அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்ரான்லி வூட்ஸ், பின்சில்லுக்குச் சுருள்வில் அமைந்த குட்சி வண்டிகளில் அதே தீவிற் களமிறங்கினார். சிறு வகுப்பில் வென்றார். 500 கன சென்றிமீற்றர் வகுப்பில் நோர்ட்டன் வண்டியில் வந்த ஜிம்மி கத்ரி முந்தி ஓடினார். போட்டியாளரை ஒருவர்பின் ஒருவராக நேரம்விட்டு அனுப்புவது அங்குள்ள வழக்கம். இறுதிச் சுற்றுக்கு முன் வூட்ஸின் குழுவினர் பெற்றோல் நிரப்புதற்கு ஆயத்தஞ் செய்வதைக் கண்ட நோர்ட்டன் குழுவினர், அவர் நிற்பார் என்று நம்பினர். வூட்ஸ் நில்லாது பறந்தார். கத்ரி முன்னரே இலக்கையடைந்து வெற்றியாளராகக் கருதப்பெற்று நிற்க, பின்வந்த வூட்ஸின் நேரத்தைக் கணித்தபோது நான்கு விநாடிகளால் வென்றவர் அவரே என்பது தெரிந்தது. ஏழாண்டுகளுக்கு முன் மக்கள் ஐயுற்று ஒதுக்கிய சுருள்வில்லின் தகுதியை அந்நாள் உலகறிந்தது.

எளிமையின் வெற்றி

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இத்தாலி வறுமையுற்றிருந்தது. மக்களுக்கு வேண்டியது விரைவன்று. வேலைக்குச் சென்று திரும்ப ஒரு வாகனம். 1946இல் நிறுவனம் வெளியிட்ட 65 கன சென்றிமீற்றர்ச் சிறுவண்டி அத்தேவையை நிறைவேற்றியது. 'குட்சீனோ', அதாவது சிறிய குட்சி, என்று மக்கள் அதனைச் செல்லமாக அழைத்தனர்.

பந்தயத்திலும் நிறுவனம் ஓங்கிற்று. 1950இல் மண்டெல்லோவில், முழு மோட்டார் சைக்கிளையும் வைத்துச் சோதிக்கத்தக்க காற்றுச் சுரங்கம் ஒன்றை நிறுவினர். ஜூலியோ சேசரே கர்க்கானோ என்னும் பொறியியலாளர், கிடந்த ஒற்றை உருளையை மேலும் இலேசாக்கிச் செம்மைப்படுத்தினார். நான்கு உருளைகள் கொண்ட வண்டிகள் எதிர்த்து நின்றகாலை, 350 கன சென்றிமீற்றர் வகுப்பில் 1953 தொடக்கம் 1957 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது உலகப் பட்டத்தை வென்றது அவ்வொற்றை உருளையே. அதே காலத்திற் கர்க்கானோ எட்டு உருளைகள் கொண்ட வியத்தகு வண்டியொன்றையும் 500 கன சென்றிமீற்றர் வகுப்புக்கென ஆக்கினார். அது விரைவிற் சிறந்ததாயினும் உலகப் பட்டம் எதனையும் பெற்றிலது. 1957இன் முடிவில் நிறுவனம் பந்தயக்களத்தை விட்டு விலகிற்று.

பின்னர் நற்காலம் குன்றியது. ஜோர்ஜோ பரோடி 1955இல் மறைந்தார். மலிவான கார்கள் பெருகவே மோட்டார் சைக்கிள் வாங்குவார் அருகினர். முதுமையுற்ற குட்சி பணியினின்றும் ஓய்ந்தார். நிறுவனம் கடன்சுமையால் தள்ளாடிய நாளில், 1964ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆம் நாள், தமது எழுபத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.

அதன்பின் நிறுவனத்தின் உடைமை பலமுறை கைமாறிற்று. பரோடி குடும்பத்திடமிருந்து 1967இல் ஒரு புதிய நிறுவனத்திடமும், 1973இல் டி தொமாசோ என்பாரிடமும், 2000இல் அப்ரிலியாவிடமும், 2004இற் பியாஜ்யோவிடமும் சென்றது. 2021இல் நூறாண்டு நிறைந்தது. இவ்வளவு மாற்றத்திலும் மாறாதவை இரண்டு: கழுகும் குட்சி என்னும் பெயரும். பங்கு கொண்டவர்கள் போயினர். பங்கு கொள்ளாதவர் நின்றார்.

பழைய பல்கோனே ஒன்றை வைத்திருப்பவர், விடுமுறை நாளொன்றில் எண்ணெய் படிந்த கையோடு வால்வின் இடைவெளியை அளந்து நேராக்குகின்றார். அவ்விடம் கைக்கெட்டுகின்றது, ஸ்பானர் தடையின்றிச் செல்கின்றது. தாம் என்றும் காணாத ஒருவருக்கு இவ்வேலை எளிதாகவேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் எண்ணிச் செய்து வைத்தார் என்பதை அவர் கை உணர்கின்றது. ஆக்கியோனும் பேணுவோனும் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் அது. கார்லோ குட்சியின் வரலாறு எழுதப்பெற்றிருப்பது அங்கேயாம்.