கடலறிஞர் ஜேம்ஸ் ஹார்னெல்

கொற்கை முத்தின் புகழை அறியாத தமிழ் மாணவர் இலர். சங்கப் புலவர் பாடல்களிலும், யவன மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூலிலும் அம்முத்துத்துறையின் பெருமையைக் கற்று நாம் இறும்பூதெய்துகின்றோம். ஆயினும், அம்முத்தை ஈன்ற சிப்பி கடலடியில் எவ்வாறு வாழ்கின்றது? சில ஆண்டுகளில் கோடிக்கணக்காகப் பெருகிப் பல ஆண்டுகளில் அறவே காணப்படாது மறைவதேன்? அதனை எடுப்பதற்கு எல்லை யாது? இவ்வினாக்களை நம்மில் எத்தனை பேர் எழுப்பியிருக்கின்றோம்? இவற்றையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, மன்னார் வளைகுடாவின் இருகரையிலும் உழைத்த ஓர் அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அவரே ஜேம்ஸ் ஹார்னெல் என்பார்.

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமை தொட்டே கடல்வாழ் உயிர்களிடத்துப் பெருவிருப்புடையவர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி என்னும் சிறு தீவில், ஜோசப் சைனல் என்னும் இயற்கை நூலறிஞரோடு கூடி, 1890-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் ஒரு கடலுயிர் ஆய்வு நிலையத்தை நடத்திவந்தார். அலை வற்றிய பாறையிடுக்குகளில் நண்டும் நத்தையும் புழுவும் தேடியெடுத்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்வதே அவருடைய அன்றாடத் தொழில். பின்னாளில் நம் கடற்கரைக்கு அவர் கொண்டுவந்த முதற்பொருள் இப்பொறுமையே எனலாம்.

அக்காலத்தே இலங்கையரசுக்கு ஒரு பெருங்கவலை நேர்ந்தது. மன்னார்க் கடலில் சிப்பிகள் தங்கி வாழும் பாறைத் திட்டுகளைக் கடலோர மக்கள் பார் என்பர். 1891-ஆம் ஆண்டுச் சலாபத்திற்குப் பின்னர் அப்பார்களில் எடுக்கத்தக்க சிப்பியே இல்லை. ஆண்டுகள் பத்துக் கழிந்தன, முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் அறிவான் வேண்டி, லிவர்ப்பூல் பேராசிரியரான ஹெர்ட்மன் என்பவரை அரசினர் அழைத்தனர். அவர் 1902-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்தபோது துணைவராக உடன் வந்தவர் ஹார்னெல். பேராசிரியர் சில திங்களில் ஊர் திரும்பினார், துணைவரோ தங்கிவிட்டார். விருந்தினராக வந்தவர் வீட்டினராக மாறிய கதை இதுவாம்.

முத்துக்குளிக்கும் முறையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். குளியாளி ஒருவன் கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை கடலுள் இறங்குவான். அடியை அடைந்ததும் கல்லை விட்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் திணிப்பான். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கயிற்றை அசைப்பான்; தோணியிலிருப்பவன் அவனை மேலே இழுப்பான். ஒரு கல்லுக்குக் குளியாளர் இருவர். ஒருவன் இளைப்பாற மற்றவன் இறங்குவான். சுறாவின் வாயைக் கட்டுதற்கென மந்திரம் ஓதும் கடல்கட்டிகள் கரையில் இருப்பர். அவரின்றிக் குளியாளர் நீரில் இறங்க அஞ்சுவர். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளர்க்கு. எஞ்சிய இரு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு ஆயிரக் கணக்கில் நாள்தோறும் ஏலம் விடப்படும். பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், கடல் கடந்து வந்த அராபியரும் ஒரே கடலில் ஒருங்கு குளித்தனர். சலாபம் கூடும் சில வாரங்களில் மறிச்சுக்கட்டியின் வெறுமணலில் ஒரு பெருநகரம் எழுந்து மறையும்.

ஹார்னெல் இக்குளியாளரைக் கூலியாட்களாக மட்டும் கருதினாரல்லர். அவர் வாய்மொழியைச் செவிமடுத்தார். பெரிய பார் என்னும் திட்டினைக் குளியாளர் தாய்ப்பார் என அழைத்துவந்தனர். ஆங்கே தோன்றும் குஞ்சுச் சிப்பிகள் பிற பார்களுக்குச் செல்கின்றன என்பது அவர் நம்பிக்கை. ஆராய்ந்தபொழுது, அப்பாரில் இளஞ்சிப்பி பன்முறை அடர்ந்து தோன்றியும், ஒருமுறையேனும் முதிர்ந்து பயன்படவில்லை எனப் புலனாயிற்று. பருவக்காற்றின் அலையும் நீரோட்டமும் அவற்றை வாரிச் சென்றன. அல்லது மணல் மூடிக் கொன்றது. எஞ்சியவற்றைத் திருக்கையும் கிளாத்தியும் தின்றன. நட்சத்திர மீன் உறிஞ்சியது. சூரன் என்னும் சிறு மட்டி பாய்போலப் படர்ந்து மூச்சடைத்தது. ஆகவே, சிப்பி மறைந்தமைக்கு மனிதன் மட்டுமே காரணன் அல்லன் என்பதும், அழியும் இடத்துள்ள குஞ்சுகளை வாழும் இடத்துக்குப் பெயர்த்து விடுதல் நலம் என்பதும் அறிஞர் இருவரின் முடிபாயின. இவ்வாராய்ச்சிகள் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் இராயல் சொசைட்டியினரால் வெளியிடப்பெற்றன.

முத்து உண்டாகும் வகையையும் அவர்கள் ஆராய்ந்தனர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது முன்னோர் கொள்கை. மணற்பரல் உட்புகுதலே காரணம் என்பது பின்னோர் கருத்து. இவ்வறிஞரோ, நாடாப்புழு ஒன்றன் முட்டைப்புழு சிப்பியின் உடலுட் புகுந்து முத்துக்குக் கருவாகின்றது என்றனர். அச்சிப்பியைத் தின்ற மீனைத் திருக்கை விழுங்க, புழு திருக்கையின் குடலில் முதிர்ச்சியடையும் என்பதும் அவர் கூற்று. கேட்பதற்கு இனிய கொள்கை, ஆனால் நிலைபெறவில்லை. சிப்பியின் மேற்போர்வைத் திசுவிலுள்ள உயிரணுக்கள் உட்புகுந்து பையாக வளர்ந்து, அப்பையே முத்தைச் சுரக்கின்றது என்பதே பிற்கால ஆராய்ச்சி காட்டும் உண்மை. பெரியோரும் பிழைபடுவர் என்பதற்கு இஃதொரு சான்று. பிழைபட்டும் அவர் பெருமை குன்றவில்லை, என்னை? வினாவை அவர் கடலுக்குள்ளேயே கொண்டுசென்று கேட்டனர்.

இனி, இவ்வரலாற்றின் துன்பப் பகுதிக்கு வருவோம். 1903-இல் சிப்பி மீண்டது. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய். இத்துணைப் பெருஞ்செல்வம் அக்கடலில் அதற்குமுன் எடுக்கப்பட்டதன்று. கண்டோர் மனம் மயங்கிற்று. இலண்டனில் ஒரு கம்பெனி தோன்றி, ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் குத்தகையாக இருபதாண்டுகட்கு அப்பார்களைப் பெற்றது. ஆனால் கடல் குத்தகைப் பத்திரத்தைப் படிப்பதில்லை. 1907-ஆம் ஆண்டிற்குப் பின் எடுப்பதற்குச் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியும் கலைந்தது. மிகுதியாக வாரியதே காரணம் என்பாரும், இயற்கையின் மாறுபாடே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும், அறிஞர் நிறைந்த கூட்டமும் பேராசை வந்தவிடத்து நாளையை மறக்கும் என்பது தெளிவு. சிப்பி பெருகும் வழியைத் தேடிய அறிஞரின் நூலே, பொருள் பெருக்கும் வணிகரின் நம்பிக்கைக்கும் துணையாயிற்று. கல்வி தானே காவலாகாது. அதனைக் கையாளும் நெஞ்சமும் காவலாதல் வேண்டும்.

1908-ஆம் ஆண்டில் ஹார்னெல் இக்கரைக்கு வந்து, முத்து, சங்கு ஆகியவற்றின் கண்காணிப்பாளராகத் தூத்துக்குடியில் பணியேற்றார். சர் பிரடரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்தில் மீன்துறையைத் தொடங்கிய காலம் அது. ஹார்னெல் முன்னரே, 1904-இல், இக்கரைப் பார்களை ஆராய்ந்து அறிக்கை வரைந்திருந்தார். இப்பொழுது காவற்பணியும் அவர் கையதாயிற்று.

அப்பணியின் அருமையை உணர்தல் வேண்டும். வேட்டையாடுவோர் மிகுந்து விலங்கு குறைந்தவிடத்து, வேட்டைக்கு உரிமச் சீட்டும் ஓய்வுப் பருவமும் விதித்தல் உலக வழக்கு. நம் நீலகிரியிலும் 1879-ஆம் ஆண்டிலேயே அத்தகைய சட்டம் வகுக்கப்பட்டது. மலையில் வேட்டைக்காரன் ஆட்டைக் கண்ணாற் கண்டு, இளையது இன்னது, முதிர்ந்தது இன்னது எனப் பகுத்தறியலாம். கடலடியிற் கிடக்கும் சிப்பியை யார் காண்பர்? மேலும் அதற்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மிக இளைய சிப்பியில் முத்து இராது. ஏறத்தாழ நான்கைந்து ஆண்டு முதிர்ந்ததே விலை பெறும். மேலும் சில ஆண்டு காத்திருப்பின் சிப்பி தானே மாண்டு முத்தும் மணலில் மறையும். முன்னே எடுத்தாலும் கேடு, பின்னே எடுத்தாலும் கேடு. ஆதலின் ஆண்டுதோறும் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை விலைமதித்து, இவ்வாண்டு சலாபம் உண்டு, இல்லை என முடிவு செய்தல் வேண்டும். இல்லை என்னும் முடிவு பல்லாயிரம் குடும்பங்களின் உலையைத் தொடுவது. உண்டு என்னும் முடிவு பாரின் எதிர்காலத்தைத் தொடுவது. இரண்டிற்கும் இடையே நின்றோர்க்குத் துணை, பொறுமையாகச் சேர்த்த கணக்கு ஒன்றே.

முத்து நிலையற்றது, சங்கோ பெரிதும் தவறாது கிடைப்பது. தூத்துக்குடிக் குளியாளர் எடுத்த சங்கு வங்கநாடு சென்று, டாக்காவிலும் பிறவிடத்தும் வளையலாக அறுக்கப்பட்டு மகளிர் கையை அணிசெய்தது. அளவிற் சிறிய சங்குகளை அளவுகருவியால் தெரிந்து, உயிரோடு மீளக் கடலில் விடும் வழக்கம் இத்துறையில் இருந்தது. காண்பதற்குச் சிறு செயல். ஆனால் வருங்காலத்திற்கென ஒரு பங்கை ஒதுக்கும் பேரறம் அதனுள் அடங்கியுள்ளது. சங்கினைப் பற்றி ஹார்னெல் 1914-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அதன் வாழ்வு, வாணிகம், வழிபாடு, வளையல் தொழில் ஆகிய அனைத்தையும் ஒருங்கு உரைக்கும் ஒப்பற்ற நூலாகும். கொற்கையிலும் காயலிலும் தாமே சென்று, பண்டை நாளில் வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளை மண்ணிலிருந்து கண்டெடுத்தார். புலவர் பாட்டில் நாம் கண்ட தொழிலை அவர் புழுதியிற் கண்டார். இலக்கியம் பயிலும் நமக்கு இதனினும் இனிய செய்தி யாது?

1918 முதல் 1924 வரை சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக விளங்கினார். கட்டுமரம், வள்ளம், தோணி முதலிய இந்தியக் கலங்களின் தோற்றத்தை ஆராய்ந்து 1920-இல் ஒரு நூல் எழுதினார். நம்நாட்டு முத்துச் சலாபங்களின் வரலாற்றை 1922-இல் வெளியிட்டார். ஓய்வு பெற்றபின்னும் ஓய்ந்தாரல்லர். பசிபிக் பெருங்கடலில் ஆராய்ச்சிக் கப்பலில் உலவினார். ஹேடன் என்னும் அறிஞரோடு சேர்ந்து ஓஷியானியத் தீவுகளின் ஓடங்களைப் பற்றி மூன்று தொகுதிகள் இயற்றினார். உலகக் கலங்களின் வரலாற்றை 1946-இல் அளித்தார். 1949-ஆம் ஆண்டில் தம் எண்பத்து நான்காம் வயதளவில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய மீன்பிடி நூல் ஒன்று அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்தது.

அவருக்குப் பின் தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் இல்லை. ஹார்னெல் கணக்கெடுத்த கடலின் கரையிலேயே, 1973-ஆம் ஆண்டில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியின் உடலுள் கருவை வைத்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். அங்ஙனம் விளைந்த முத்துக்குத் தாய், புழுவன்று. அவர் அறியாது விட்ட அத்திசுவே. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்குவதே கல்வியின் இயல்பு. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் தேசியப் பூங்காவாகக் காக்கப்பெற்றன.

ஹார்னெலைக் குறையற்றவர் எனப் புகழ்தல் எம் நோக்கமன்று. அவர் அயலாட்சியின் அலுவலர். கடலின் வருவாயைப் பெருக்குவதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் கடலடியில் இறங்கிய குளியாளரின் பெயர்கள் அவர் பெயர்போல் நிலைபெறவில்லை. தாய்ப்பார் என்னும் ஒரு சொல்லில் தலைமுறைகளின் அறிவைச் சேமித்தவர் அவர்களே. அச்சொல்லை எள்ளாது ஏற்று ஆராய்ந்தமை ஹார்னெலின் பெருந்தன்மை. அச்சொல்லைப் படைத்தமை நம் கடற்கரை மக்களின் பெருமை. இருவர்க்கும் நாம் கடன்பட்டுள்ளோம்.

மாணவ நண்பர்களே! மாலைப்பொழுதில் தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்பீராயின், முயல்தீவுக்கு அப்பால் நீர் அமைதியாகத் தோன்றும். அதன் அடியில் பார்கள் கிடக்கின்றன, சலாபந்தான் இல்லை. கொற்கையின் புகழைப் பாடும் நாம், அப்புகழின் வேரைக் காக்கும் வழியையும் கற்றல் வேண்டும். எடுக்கும் கையினும் விடும் கை பெரிது. சிறு சங்கை மீளக் கடலில் இட்ட குளியாளியின் கையில் அவ்வறிவு இருந்தது. அதனை ஏட்டில் எழுதிவைத்தவர் ஹார்னெல். அவ்வறிவு நம் நெஞ்சிலும் நிலைபெறுமாக.